வைரஸ் அடங்கிய உடம்புக்கு வலு வேண்டும்

(எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்கள், ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து) மையச் செவிலியர்கள், ஆலோசகர்கள், மாணவர்கள் கூடிய அரங்கில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் மாத்திரை வாங்குபவர்களும் இருக்கிறீர்கள், மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறீர்கள். யார் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கில்லை. இன்று பேசப்போவது எல்லோர் உடம்பிலும் இருக்கிற ஒன்றைப் பற்றி: தசையைப் பற்றி. எச்.ஐ.வி. கூட்டத்தில் சி.டி.4 என்னும் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை பற்றிப் பேசுவார்கள், வைரல் லோடு என்னும் ரத்தத்திலுள்ள வைரஸ் அளவு பற்றிப் பேசுவார்கள், மனச்சோர்வு பற்றிக்கூட இப்போது பேசுகிறார்கள். தசையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முப்பதைத் தாண்டிய, நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு இனி வரப்போகும் வருடங்கள் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் உடல் எடையிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் நம் பெண்கள் மனத்தில் எடைக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது.

1986-ல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. மருத்துவர் சுனிதி சாலமனும், அவரிடம் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவும் செய்த ஆய்வு அது. அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து வந்தது 2004 ஏப்ரல் 1-ம் தேதி. நாடு முழுவதும் சேர்த்து எட்டே மருத்துவமனைகள். அவற்றில் ஒன்று நம் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை. இடையில் போன பதினெட்டு ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். அந்தக் காலத்தில் இந்த நோய் ஊர்க்கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் இளைப்பாகத்தான். வயிற்றுப்போக்கு, காய்ச்சல், காசநோய் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து, உடம்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துபோகும். அதில் கொழுப்பை விடத் தசை போனதுதான் ஆளைச் சாய்த்தது. கணவர் அப்படிக் கரைந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்த பெண்கள் நம்மிடையே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ‘எலும்பும் தோலுமா ஆயிட்டான், அந்த நோயாத்தான் இருக்கும்’ என்று தெருவில் பேசியதையும் அவர்கள்தான் கேட்டார்கள்.

மருந்து வந்தது, உயிர் மிஞ்சியது. ஆனால் முதலில் வந்த கூட்டு மருந்தில் ஸ்டாவுடின் இருந்தது. அது வைரஸை அடக்கியதோடு, செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவையும் கெடுத்தது. கன்னம் ஒட்டும், கை கால்களில் கொழுப்பு கரைந்து நரம்பு புடைத்துத் தெரியும். அதே ஆளுக்கு வயிறு மட்டும் முன்னால் தள்ளும், சிலருக்குக் கழுத்தின் பின்புறம் திமில் போலக் கொழுப்பு சேரும். ஆண்கள் சட்டை மாட்டி மறைத்துக்கொண்டார்கள். பெண்ணுக்குப் புடவை கட்டினாலும் முகம் காட்டிக்கொடுத்தது. 2009 இறுதியில் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. அதற்குள் நிறையப் பெண்கள் அந்த மருந்தின் தழும்பை முகத்தில் வாங்கிக்கொண்டாகிவிட்டது.

இன்று நீங்கள் சாப்பிடும் மாத்திரை வேறு. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில், தினம் ஒரு வேளை. மிக நல்ல மருந்து. ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் வைரஸ் பரிசோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கிவிடும். அடங்கிய நிலை நீடிக்கும்வரை உடலுறவு மூலம் இன்னொருவருக்குத் தொற்றாது. இதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் நான் சொல்வதைக் கேட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

இந்த மாத்திரை எடுப்பவர்களில் பலருக்கு எடை ஏறுகிறது. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ‘அட்வான்ஸ்’ என்ற ஆய்வில், 96 வாரங்களில் பழைய எஃபாவிரென்ஸ் கூட்டு மருந்து எடுத்தவர்களுக்குச் சராசரியாக 2.3 கிலோ கூடியது. டோலுடெக்ராவிரை நம் ஊரில் தரும் அதே டெனோஃபோவிர் வகையோடு எடுத்தவர்களுக்கு 4.3 கிலோ. டெனோஃபோவிரின் புதிய வகையோடு எடுத்தவர்களுக்கு 7.1 கிலோ. மூன்று பிரிவிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். கூடியதில் ஒரு பங்கு, நோயில் இழந்ததை உடம்பு திரும்பப் பெறுவது; அது நல்லது. எஃபாவிரென்ஸ் எடை ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்ததும் ஒரு காரணம். ஆனால் எடை இயல்புக்கு வந்த பிறகும் ஏறிக்கொண்டே போனால், அதிலும் வயிற்றைச் சுற்றி ஏறினால், அது வேறு கணக்கு. இந்தியப் பெண்ணுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே எச்சரிக்கை. நம் இனத்து உடம்பில், ஒரே எடையுள்ள ஐரோப்பியரைவிடத் தசை குறைவு, கொழுப்பு கூடுதல். பிறக்கும்போதே அப்படித்தான் என்று புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். அந்த உடம்பின்மேல்தான் வைரஸ், மருந்து, மாதவிடாய் நிற்கும் வயது எல்லாம் வந்து உட்காருகின்றன. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு நிறைந்த கல்லீரல், மாரடைப்பு என்று வரிசையாகக் காத்திருக்கின்றன.

இங்கே மருத்துவர்கள் சொல்வது என்ன? ‘எடையைக் குறைங்கம்மா.’ சீட்டில் எழுதிவிடுவார்கள், அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

இப்படி எழுதப்பட்ட சீட்டோடு ஓர் அக்கா என்னிடம் வந்தார். தையல் வேலை செய்பவர், மாத்திரை தொடங்கிப் பல வருடம் ஆனவர். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது, இடுப்பு பெருத்திருந்தது. நான் பேச ஆரம்பித்ததுமே கையை உயர்த்தி நிறுத்தினார். ‘மேடம், நான் இளைக்க மாட்டேன். உடம்பு வச்சிருக்கிறதாலதான் தெருவுல ஒருத்தரும் ஒண்ணும் கேக்கறதில்ல. இளைச்சா மறுபடியும் ஆரம்பிச்சுடுவாங்க. எம் பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகல.’

அவர் சொன்னதில் அறியாமை எதுவும் இல்லை. ஊரை நன்றாக அறிந்தவர் பேசும் பேச்சு அது. எடை கூடியது அவருக்குக் கவசம். அந்தக் கவசத்தைக் கழற்றச் சொல்லுகிறோம், கழற்றினால் என்ன ஆகும் என்று கேட்பதுகூட இல்லை. பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்தே போகும், முகம் வாடும், அவர் பயந்தது அப்படியே நடக்கும். ஆகவே அவரிடம் நான் எடை பேச்சையே விட்டுவிட்டேன். ‘அக்கா, இளைக்க வேண்டாம். வலுவாகணும். கன்னம் ஒட்டாது, கால் சூம்பாது, எடை மெஷின் முள் நகராமலேகூட இருக்கலாம். ஆனா சர்க்கரை உங்க பேச்சைக் கேக்க ஆரம்பிக்கும்’ என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

இது ஆறுதலுக்குச் சொன்னதல்ல, உடலியல். சாப்பிட்ட பிறகு இன்சுலின் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை அள்ளி எங்கே அனுப்புகிறது? பெரும்பகுதியைத் தசைக்குத்தான். தசைச் செல்லின் ஓரத்தில் குளுக்கோஸை உள்ளே விடும் கதவு மாதிரி ஒரு புரதம் இருக்கிறது, குளூட்-4 என்று பெயர். இன்சுலின் தட்டினால் அது திறக்கும். இன்சுலின் தட்டியும் திறக்காத நிலைதான் இன்சுலின் எதிர்ப்பு; சர்க்கரை நோயின் முதல் படி. ஆனால் தசை சுருங்கி வேலை செய்யும்போது இன்சுலின் தட்டாமலேயே அந்தக் கதவு உள்ளிருந்து திறக்கிறது. பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாள், இரண்டு நாள்வரை இன்சுலினின் தட்டலுக்கு நன்றாகச் செவிசாய்க்கிறது. வலுப் பயிற்சியால் தசை பெருத்தால் குளுக்கோஸுக்கு இடமும் கூடுகிறது. இதில் எதற்கும் எடை குறைந்தாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

எச்.ஐ.வி. உள்ள பெண்களிடமே இதைச் செய்து பார்த்திருக்கிறார்களா என்று நீங்கள் கேட்க வேண்டும். பார்த்திருக்கிறார்கள், போதுமான அளவுக்கு இல்லை. தொடக்க கால ஆய்வுகளில் பெரும்பாலும் ஆண்கள்தான். பெண்களை மட்டும் வைத்து அமெரிக்காவில் நடந்த இரண்டை மட்டும் சொல்கிறேன். 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் சில பெண்களுக்குப் பால் புரதப் பொடி, சிலருக்கு வலுப் பயிற்சி, சிலருக்கு இரண்டும் கொடுத்தார்கள். வலுவும் உடலின் உயிரணு நிறையும் கூடியது பயிற்சியால்தான். பயிற்சியோடு பொடியைச் சேர்த்ததால் மேலதிகப் பலன் கிடைக்கவில்லை. டின் டின்னாகப் பொடி வாங்கச் சொல்லும் ஜிம்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது 2006-ல் பாஸ்டனிலிருந்து வந்தது. கொழுப்பு இடம் மாறி இடுப்பு பெருத்திருந்த நாற்பது பெண்கள். பாதிப் பேருக்கு 16 வாரம், வீட்டிலேயே, மேற்பார்வையோடு ஏரோபிக் பயிற்சியும் வலுப் பயிற்சியும். முழங்கால், மார்பு, தோள், கணுக்கால், முழங்கை என்று எல்லா இடத்திலும் வலு கூடியது. தொடைத் தசை பெருத்தது, தசைக்குள் ஊடுருவியிருந்த கொழுப்பு குறைந்ததற்கான அறிகுறியும் தெரிந்தது. மூச்சுத் திறன் உயர்ந்தது. பெண்கள் தங்களுக்குத் தெம்பு கூடியதாகவும் தோற்றம் மேம்பட்டதாகவும் சொன்னார்கள். ஆனால் வயிற்றின் உட்கொழுப்பிலும், ரத்தக் கொழுப்பிலும், ரத்த அழுத்தத்திலும் பயிற்சி செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் மறைக்க விரும்பவில்லை. நான்கே மாதத்தில் தொப்பை கரையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலில் வருவது வலு, அடுத்துத் தசை, மற்றவை மெதுவாக, உணவும் மருந்தும் கூடச் சேர்ந்தால்தான் வரும். கொலஸ்ட்ராலுக்குத் தேவைப்பட்டால் ஸ்டாடின் மாத்திரை சாப்பிடத்தான் வேண்டும். எச்.ஐ.வி. உள்ள 7,769 பேரை வைத்து, இந்தியாவும் பங்கேற்ற ‘ரிப்ரீவ்’ ஆய்வில், பிடவாஸ்டாடின் தினமும் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய இதயநாள நிகழ்வுகள் 35 சதவீதம் குறைந்தன. பயிற்சி அதற்கு மாற்று அல்ல, அது பயிற்சிக்கு மாற்றும் அல்ல.

ஒரு பயத்தையும் நீக்கிவிடுகிறேன். ‘கஷ்டப்பட்டு உடம்பை வருத்தினால் எதிர்ப்புச் சக்தி இறங்குமா?’ நோய் கட்டுக்குள் இருப்பவர்களிடம் செய்த வலுப் பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சி.டி.4 இறங்கவோ வைரல் லோடு ஏறவோ இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், நாட்பட்ட நோயுள்ளவர்களில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்தே, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் வலுப் பயிற்சி வேண்டும் என்கிறது. நடையும் வேண்டும், வாரம் 150 நிமிடம். நம் ஊரில் நடை மட்டும்தான் எல்லோர் காதிலும் விழுந்திருக்கிறது.

அடுத்து வரும் கேள்வி எனக்குத் தெரியும். ‘விடிஞ்சதுல இருந்து வீட்டு வேலைதானே செய்யறோம், அதைவிட என்ன பயிற்சி?’ இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. கட்டட வேலையில் சித்தாளாகக் கல்லும் மண்ணும் சுமக்கும் பெண்ணிடம் போய் நான் பளு தூக்கச் சொல்ல மாட்டேன். அவருக்கு வேண்டியது ஓய்வும் சோறும், முதுகு கெடாமல் குனிந்து தூக்கும் முறையும். ஆனால் திருப்பூரில் பவர் தையல் மெஷின் முன்னால் நாள் முழுக்க உட்காரும் பெண்ணுக்கு விரலும் கண்ணும் களைத்துப் போகின்றன, தொடை தூங்குகிறது. வீட்டில் சமைக்கிறோம், பெருக்குகிறோம், துவைக்கிறோம், களைப்பு நிஜம். ஆனால் பத்து வருடமாக அதே குடம், அதே வாளி. உடம்பு அந்தச் சுமைக்கு என்றோ பழகிவிட்டது, இன்னும் தசை வேண்டும் என்று அதற்குத் தோன்றவே தோன்றாது. சுமை கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால்தான் தசை கூடும். வலுப் பயிற்சிக்கும் வீட்டு வேலைக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

சரி, எப்படிச் செய்வது? நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியே போதும். வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி என்றால் அதன் முதுகைச் சுவரில் முட்டக் கொடுங்கள், வழுக்காமல் இருக்கும். நுனிக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்கள் தோள் அகலத்துக்கு, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். இரண்டு கையையும் மார்பில் குறுக்காக வையுங்கள். மூச்சை விட்டபடி, கையை எங்கேயும் ஊன்றாமல் எழுந்திருங்கள். முழுக்க நிமிருங்கள், பாதி எழுந்து உட்காரக் கூடாது. இப்போது முக்கியமானது வருகிறது: தொப்பென்று விழாமல், மனத்துக்குள் மூன்று எண்ணியபடி மெதுவாக உட்காருங்கள். இறங்கும்போதுதான் தொடை நன்றாக வேலை செய்கிறது. முழங்கால் உள்பக்கம் மடங்கினால் பாதத்தைச் சற்று வெளியே திருப்பிக்கொள்ளுங்கள். பத்து முறை. ஒரு நிமிடம் ஓய்வு. மறுபடி பத்து. கடைசி இரண்டு முறை ‘அப்பாடா’ என்று வர வேண்டும். வரவில்லை என்றால் சுமை போதவில்லை. அடுத்த வாரம் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள். அதற்கடுத்து இரண்டு பாட்டில், பிறகு ரேஷன் அரிசியை ஐந்து கிலோ அளந்து பையில் கட்டிக்கொண்டு. கை ஊன்றாமல் எழவே முடியவில்லையா? உயரமான கட்டிலிலிருந்து தொடங்குங்கள். அவமானம் ஒன்றுமில்லை.

மேல் உடம்புக்குச் சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. முதுகுக்கு, பழைய துண்டை ஜன்னல் கம்பியில் மாட்டிப் பிடித்து, சற்றுப் பின்னால் சாய்ந்து உடம்பை இழுப்பது. கம்பி துருப்பிடித்து ஆடாமல் உறுதியாக இருக்க வேண்டும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் உயர்த்துவது. நின்றபடி குதிகாலை உயர்த்துவது. வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. அரை மணி நேரம் ஆகாது. கதவைச் சாத்திக்கொண்டு நைட்டியோடு செய்யலாம், ஷூவும் வேண்டாம் ஜிம்மும் வேண்டாம். பாதத்தில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்கள் மட்டும் வெறுங்காலில் செய்ய வேண்டாம். காயம் பட்டாலும் தெரியாது.

எலும்புக்கும் இது நல்லது. டெனோஃபோவிர் தொடங்கிய முதல் ஓரிரு வருடங்களில் எலும்பின் அடர்த்தி சிறிது குறையும், மாதவிடாய் நின்ற பிறகு இன்னும் குறையும். சுமை தாங்கும் எலும்புதான் உறுதியாகும்.

சாப்பாட்டில் நான் அதிகம் தலையிட மாட்டேன். ஒன்று மட்டும்: ஒரு தட்டுச் சோற்றுக்கு ஒரு கரண்டி சாம்பார் என்றால் தசைக்குக் கிடைப்பது சொற்பம். முட்டை, சுண்டல், பாசிப்பயறு, நிலக்கடலை, மத்தி மீன், ரேஷன் துவரம்பருப்பு. மூன்று வேளையிலும் இவற்றில் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். முட்டையைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு ரசஞ்சாதத்தோடு எழுந்துபோகும் அம்மாக்களிடம் கேட்டுக்கொள்கிறேன், உங்களுக்கும் ஒன்று வேக வையுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை வெறும் வயிற்றில் டோலுடெக்ராவிரோடு சேர்த்துப் போடாதீர்கள். சாப்பாட்டோடு என்றால் சேர்த்துப் போடலாம். இல்லையென்றால் ஏ.ஆர்.டி. மாத்திரையை முதலில் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இவற்றைப் போடுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் அதை எழுதித்தரும் மருத்துவரிடம் ஏ.ஆர்.டி. மாத்திரையின் பெயரைக் கட்டாயம் காட்டுங்கள். டோலுடெக்ராவிர் ரத்தத்தில் மெட்ஃபார்மின் அளவை உயர்த்தும். ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமுக்குள் நிறுத்திக்கொள்வது வழக்கம்.

காய்ச்சல், தீவிரக் காசநோய் உள்ளவர்கள், சமீபத்தில் மருத்துவமனையில் சேர்ந்து வந்தவர்கள், நடந்தாலே நெஞ்சு அடைப்பவர்கள், கட்டுக்குள் வராத ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள். இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. கர்ப்பிணிகளும் கேட்டுவிட்டுத் தொடங்கலாம்.

செவிலியர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாத்திரை வாங்க வரும் நாளில் எடை பார்க்கிறீர்கள். கூடவே ஓர் அளவு நாடாவும் கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலியும் வையுங்கள். முப்பது வினாடியில் கை ஊன்றாமல் எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தார் என்று அட்டையில் எழுதுங்கள். அடுத்த முறை அந்த எண் ஏறினால் அவரிடமே காட்டுங்கள். எடை எண்ணைப் பார்த்து முகம் சுருங்கும் பெண்கள் இந்த எண்ணைப் பார்த்து மலர்வதை நான் கண்டிருக்கிறேன். பயிற்சித் தாள் கொடுத்தனுப்பினால் அதில் எச்.ஐ.வி. என்ற எழுத்தோ மையத்தின் முத்திரையோ இருக்க வேண்டாம். வீட்டுச் சுவரில் தைரியமாக ஒட்டும்படி இருக்கட்டும். ஒருவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டமே சொல்கிறது.

2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன, இயன்முறை சிகிச்சையும் அதில் அடக்கம். ஆனால் தெரு வழியாக வருபவர்களிடம் தங்கள் நிலையைச் சொல்ல நம் பெண்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. அதனால் ஏ.ஆர்.டி. மையங்களிலேயே மாதத்தில் ஒரு நாளாவது ஓர் இயன்முறை மருத்துவர் உட்கார வேண்டும். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் நாங்கள் இருக்கிறோம். பெரும்பாலும் அதே வளாகத்தில், இரண்டு கட்டடம் தள்ளி. ஒரு சுற்றறிக்கை வந்தால் நடந்து வந்துவிடுவோம்.

கூட்டம் முடிந்ததும் அரங்கின் பின்வரிசையில் ஆறு நாற்காலிகளைச் சுவரோடு போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். விரும்புகிறவர்கள் வாருங்கள், சேர்ந்தே செய்து பார்க்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் முதலில் என்னைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். உங்களுக்கு உயரமான நாற்காலி தனியாக இருக்கிறது.